வயது வந்தோர் அலமாரி

கண்ணில் புரை எடுத்த பிறகு, கொஞ்ச நாளைக்குப் பெரிய எழுத்தாக இருந்தால் மட்டும் படியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செய்தித்தாள் பக்கமே போகக் கூடாதாம். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத ஆள் நான். அதனால் போன மாதம் என் மகள் என்னை ஒரு பெரிய புத்தகக் கடைக்குக் கூட்டிப் போனாள். சிறுவர் பகுதியில், பக்கத்துக்கு நாலே வரி இருக்கிற ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பில் போடும் இடத்துக்கு வந்தேன். அங்கே இருந்த பெண் திருப்பத்தூர்ப் பக்கம். நானும் தமிழ் என்று தெரிந்ததும் சிரித்த முகமாக, "யாருக்கு சார்? ஏஜ் எவ்ளோ?" என்று கேட்டாள்.

"அறுபத்தாறும்மா" என்றேன்.

"உங்க வயசு இல்ல சார். படிக்கப் போற குழந்தைக்கு."

"அந்தக் குழந்தைக்குத்தாம்மா அறுபத்தாறு."

அவள் திகைத்துப் போய் மூன்று தடவை சாரி சொன்னாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. அதே கேள்வியை ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒரு காலத்தில் கேட்டவன் நான். அதைச் சொன்னதும் அவள், "அப்போ நீங்களே சொல்லுங்க சார், கதைக்கு வயசு போடறது சரியா, தப்பா?" என்றாள். பின்னால் வரிசை நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசித்ததை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான், பெரிய கருத்தெல்லாம் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

எனக்கு வீடு ஸ்ரீராம்புரத்தில், கன்னட ஊருக்குள் தமிழர் நிறைந்த பேட்டை. சின்ன வயதில் ஒரு பைண்டிங் கடையில் வேலை பார்த்தேன். அது மூடிப்போனதும் ரிச்சர்ட்ஸ் டவுனில் புத்தகம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு நூலகத்தில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் அட்டை போட்டேன், கிழிந்ததைத் தைத்தேன். பிறகு கவுண்டருக்கு வந்தேன். கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன். அப்பன் முருகன் எனக்கு அளந்து வைத்த சோறு அங்கேதான் இருந்தது.

நூலகத்தின் சொந்தக்காரர் மார்கரெட் மேடம். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளை நூலகமாக்கியிருந்தார். ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, அதே பட்டுப் புடவையோடு நின்றுகொண்டே புத்தகம் அடுக்குவார். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் இரண்டு கம்பியையும் மடித்து, மேஜைமேல் வைப்பார். அதுவரை "தேவராஜ்" என்று கூப்பிட்டவர், கண்ணாடி இறங்கியதும் "மிஸ்டர் தேவராஜ்" என்பார். என் மேஜை டிராயரில் சின்ன முருகன் படம் வைத்திருந்தேன். அந்த மிஸ்டரைக் கேட்டால் டிராயரை லேசாக இழுத்து முருகன் முகத்தைப் பார்த்துக்கொள்வேன். மேடத்துக்கு அது தெரியும். ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. கிருத்திகை அன்று நான் சாப்பிடாமல் இருப்பது தெரிந்து, அன்றைக்கு எனக்கு ஏணி ஏறுகிற வேலை வைக்க மாட்டார்.

சுவரில் ஒரே ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தது. புத்தகத்தைச் சேதப்படுத்தினால் உறுப்பினர் கார்டு ஒரு மாதம் மேடத்திடம் இருக்கும். அந்தப் பக்கத்தில் பெயர் பெற்ற டாக்டர் ஒருவர் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டார். அழித்தால் போகிற பென்சில்தானே என்று வாதாடினார். கண்ணாடி மேஜைக்கு வந்தது. கார்டும் வந்தது. தெரு முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

வயது ஸ்டிக்கர் வந்த கதை இது. இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று, அட்டையில் முயல் படம் பார்த்து ஒரு கதைப் புத்தகம் எடுத்துப் போனது. உள்ளே முயல் குட்டியின் தாய் செத்துப் போகிறது. குழந்தை மூன்று நாள் தாயின் முந்தானையை விடாமல் அழுதிருக்கிறது. அந்தத் தாய் சண்டைக்கு வரவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்து, நடந்ததை மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலை மேடம், "தப்பு நம்மளுதுதான் தேவராஜ்" என்றார். அடுத்த வாரம் ஸ்டிக்கர் உருளைகள் வந்தன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். வியாபாரத்துக்காக மேடம் அதைச் செய்யவில்லை. ஒரு குழந்தை அழுததற்காகச் செய்தார்.

நான்கு நிறத்தில் வட்ட ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் வயது எழுதியிருக்கும். ஐந்து வயதுவரை பச்சை. ஆறு முதல் எட்டு மஞ்சள், அதில் ஒரு பலூன் படமும் உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டு ஆரஞ்சு. பதிமூன்றுக்கு மேல் நீலம். பெரியவர்கள் புத்தகத்துக்கு ஸ்டிக்கர் கிடையாது. முன் அட்டையில், வலது கீழ் மூலையில், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒட்ட வேண்டும். மேலே கண்ணாடி டேப் ஒரு துண்டு. காற்றுக் குமிழி இருந்தால் மேடம் விரல் நகத்தால் நீவிக் காட்டுவார், நான் திரும்ப ஒட்ட வேண்டும்.

எந்த நிறம் என்பதை மேடம் முடிவு செய்வார். முதல் இருபது பக்கமும் கடைசி அத்தியாயமும் நின்றபடியே படித்து, மேஜையில் நான்கு குவியலாக வைப்பார். தமிழ்ப் புத்தகமாக இருந்தால் நான் படித்துக் காட்ட வேண்டும், அவருக்குப் பேசத் தெரிந்த அளவு தமிழ் படிக்க வராது. நான்கு குவியல் என்று சொன்னேனா? சில நாளிலேயே ஐந்தாவது குவியல் ஒன்று வந்துவிட்டது. எந்த வயதுக்கு என்று தெரியாத புத்தகங்கள். "இது கொஞ்சம் தூங்கட்டும் தேவராஜ், நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்தத் தூங்குகிற குவியல்தான் எப்போதும் உயரமாக இருந்தது. அப்போது அதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஸ்டிக்கருக்கு ஏற்றபடி அலமாரிகளுக்கும் பலகை வைக்க வேண்டும் என்று முடிவானது, மூன்று மொழியிலும். ஆங்கிலத்தை மேடமே எழுதினார். கன்னடத்துக்குப் பக்கத்து வீட்டு மாஸ்டர். தமிழுக்கு நான். மழலையர், சிறுவர் என்று முதல் மூன்றும் சுலபமாக வந்துவிட்டன. நாலாவது பலகையில் மேடம் 'யங் அடல்ட்' என்று எழுதியிருந்தார். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். "பெரியவங்களும் இல்ல, சின்னவங்களும் இல்ல, நடுவுல நிக்கறாங்களே அவங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், எங்கள் ஸ்ரீராம்புரத்து அம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு துணி பேனர் கட்டியிருந்தார்கள். "வயது வந்தோர் எழுத்து வகுப்பு, ஞாயிறு பிற்பகல்." அடல்ட் என்றால் வயது வந்தோர். ஆத்தாளே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மறுநாள் பெயின்டரிடம் எழுதச் சொல்லிவிட்டேன். 'வயது வந்தோர்.' அழகாக, கொட்டை எழுத்தில், நீலத்தில்.

பலகை மாட்டிய அன்றே ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்து அந்த அலமாரியிலிருந்து இழுத்து வந்தார். என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "கோயில் குளம்னு இருக்கற ஆளுன்னு நெனச்சேன் தேவராஜண்ணா. சினிமா போஸ்டர்ல போடற மாதிரி இங்கயும் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அந்த அர்த்தம் உறைத்தது. அடுத்த நாள், புத்தகமே எடுக்காத ஓர் ஆட்டோ டிரைவர் உள்ளே வந்தார். நீல அலமாரியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு கவுண்டரில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "உள்ள வேற ரூம் எதுனா இருக்குதா சார்?" என்று கேட்டார்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். நான் டிராயரை இழுத்தேன். ஆனால் அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பில் கண்ணில் தண்ணீர். பெயின்டரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார். பெயின்டர் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அதனால் என் பலகை பத்து நாள் அங்கேயே தொங்கியது.

அந்தப் பத்து நாளுக்குள்தான் முனியம்மா வந்தார்.

அவருக்கு அப்போது ஐம்பது தாண்டியிருக்கும். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. எங்கள் நூலகத் தெருவைக் கூட்டுகிறவர் அவர்தான். புடவைக்கு மேல் போட்ட பச்சைக் கோட்டோடு, மத்தியானம் இரண்டு மணிக்கு, செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கண்ணாடிக் கதவு வழியாக நான்கு நாளாக எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாராம். "இது எங்களுதுதானே சார்? வயது வந்தோர்னு போட்டிருக்குதே. நான் அந்தக் கிளாசுலதான் படிச்சேன், எங்க அம்மன் கோயில்ல" என்றார்.

ஆமாம் என்று சொல்லி ஒரு கார்டு எழுதிக் கொடுத்தேன். நீல அலமாரியில் இருந்ததிலேயே தடிமனான தமிழ்ப் புத்தகத்தை எடுத்தார். மலைக்காட்டில் வழி தவறிய அக்காள் தங்கையின் கதை. மூன்றாம் நாள் கொண்டு வந்து வைத்துவிட்டார். "எழுத்து எறும்பு மாதிரி இருக்குது சார். ஒரு பக்கம் தாண்டறதுக்குள்ள முன்னாடி படிச்சது மறந்து போவுது." அட்டையில் நீல ஸ்டிக்கர் இல்லை. பசை சரியில்லாமல் விழுந்துவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று ஒட்டினேன்.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன். மஞ்சள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் நண்டின் கதை. முனியம்மா அந்தப் பலூன் ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர் கூச்சப்படுகிறாரே, எளிதாக்குவோம் என்று, "பேத்திக்கா?" என்று கேட்டேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். "ஆமா சார், பேத்திக்குத்தான்" என்றார். குழந்தைகள் பதிவேட்டில் பெயர் வேண்டும் என்றேன். "மீனா" என்றார். "மீனா, இரண்டாம் வகுப்பு" என்று என் கையால் எழுதினேன்.

அதிலிருந்து மீனா எங்கள் நூலகத்தில் வளர ஆரம்பித்தாள். இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம். மீனா சௌக்கியமா என்று கேட்பேன். மீனாவுக்கு எந்தக் கதை பிடித்தது என்று மேடம் கேட்பார். "நண்டு கடைசில அலையைப் பாத்துப் பயந்துச்சே, அது மீனாவுக்குப் புடிக்கல மேடம். நண்டு அலைக்கு எதுக்குப் பயப்படணும்?" என்று முனியம்மா பதில் சொல்வார். அந்தக் குழந்தைக்கு நல்ல புத்தி என்று மேடம் என்னிடம் சொன்னார். சில மாதத்தில் மீனா மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குப் போனாள். குழந்தைகள் தினத்துக்குக் கதை சொல்லும் போட்டி வைத்தபோது, மீனாவுக்கு ஒரு படிவத்தை நானே பூர்த்தி செய்து கொடுத்தேன். மீனாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இதற்கிடையில், திரும்பி வரும் சில புத்தகங்களில் ஸ்டிக்கர் இல்லை. டேப்பை நகத்தால் தூக்கிப் பிய்த்திருந்த அடையாளம் அட்டையில் தெரிந்தது. மேடம் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழு புத்தகம். ஏழும் மீனாவுடையது.

"பலூன் படம் புடிச்சிருக்கும், பாவம்" என்றார் மேடம். "திட்ட மாட்டேன். ஆனா ஒரு வார்த்தை சொல்லணும். சனிக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க தேவராஜ். விதிப்படி கார்டையும் வாங்கி வைக்கணும்."

சொன்னேன். முனியம்மா தலையாட்டினார். சனிக்கிழமை வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. காலையில் தெருவைக் கூட்டும்போது கூட எங்கள் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாகப் போனாராம். பால்காரர் சொன்னார். ஓர் ஆரஞ்சுப் புத்தகம் அவரிடமே இருந்தது.

கார்டில் எழுதியிருந்த முகவரி எங்கள் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளித்தான். ஒரு கிருத்திகை அன்று கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே நடந்தேன். ஒற்றை அறை வீடு. முனியம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, கேட்பதற்கு முன்னாலேயே உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து நீட்டினார். நான் குழந்தை எங்கே என்று சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, சுவரில் அம்மன் படம். குழந்தைத் துணி ஒன்றுகூடக் கொடியில் இல்லை.

"மீனா எங்கம்மா?"

"என் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆவல சார்."

அவரே சொன்னார். "நீங்கதானே சார் பேத்திக்கான்னு கேட்டீங்க. நாலு பேரு முன்னாடி நான் இல்லன்னு சொல்ல முடியுமா? ஆமான்னேன். அதுக்கப்புறம் அவளை எங்க கொண்டுபோய் விடறது?"

ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். வேலை முடிந்து நேராக நூலகத்துக்கு வருகிறவர் என்பதால், காலையிலேயே பையில் புத்தகம் இருக்கும். காலையில் வருகைப் பதிவு கொடுக்கும் இடத்தில் எல்லோரும் கூடி நிற்பார்கள். நீல ஸ்டிக்கரில் பதிமூன்று என்று இருந்ததற்கே சிரித்தார்களாம். ஆறு வயது பலூனைப் பார்த்தால் விடுவார்களா? "மேஸ்திரி கேக்கறாரு, இன்னா முனியம்மா, இஸ்கூல் வேன் வந்துச்சான்னு. தெனமும் அதே பேச்சு. கதை நல்லாத்தான் சார் இருக்குது. அந்த வட்டம்தான் காட்டிக் குடுக்குது."

பிறகு கையைக் கூப்பினார். குழந்தை ஊருக்குப் போய்விட்டது, இனி வராது என்று மேடத்திடம் சொல்லிவிடுங்கள், கார்டையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மேடம் முன்னால் மட்டும் தன்னை நிறுத்த வேண்டாமாம். "அவங்க மீனாவைப் பத்தி நல்லா நெனச்சிருக்காங்க சார்."

"கோயில்ல இருந்து நேரா வரேன், நெத்தியில திருநீறு இருக்குது. பொய் சொல்லச் சொல்றியேம்மா" என்றேன்.

"நான் வாயாலதான் சார் சொன்னேன். நோட்டுல எழுதினது உங்க கைதானே."

உண்மையைச் சொன்னால் அவர் மானம் போகும். பொய் சொன்னால் அவர் படிப்பு போகும், கூடவே என் சத்தியமும். "நான் ரெண்டும் சொல்ல மாட்டேன். நீங்களா வந்து சொல்றவரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டேன். மேடம் கேட்டபோது, புத்தகம் கிடைத்துவிட்டது, அவர் வருவார் என்று மட்டும் சொன்னேன். "குழந்தை?" என்றார். நான் ஏணியைத் துடைக்கப் போய்விட்டேன். இரண்டு நாள் டிராயரை எத்தனை தடவை இழுத்தேனோ தெரியாது.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு முனியம்மா வந்தார். பச்சைக் கோட்டு இல்லை. தலை வாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டியிருந்தார். கையில் எழுத்து வகுப்பில் கொடுத்த நாற்பது பக்க நோட்டு. நேராக மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"மீனாவைக் கூட்டியாரச் சொன்னீங்களாம் மேடம். வந்திருக்கேன்."

மேடம் அவருக்குப் பின்னால் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மெதுவாக முனியம்மா முகத்துக்குப் பார்வையைத் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தார். நான் டிராயரை இழுத்தேன்.

முனியம்மா நோட்டை விரித்தார். ஒரு பக்கத்தில் நான்கு மஞ்சள் வட்டம் வரிசையாக ஒட்டியிருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு ஆரஞ்சு. ஒவ்வொன்றின் கீழும் அந்தப் புத்தகத்தின் பெயர், கோணல் கோணலாக, அவர் கையெழுத்தில்.

"ஏன் தூக்கிப் போடல?" என்று மேடம் கேட்டார்.

"எழுத்து இருக்குதே மேடம். தெரியாத காலத்துல எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டுதான் இருந்தேன். இப்ப கை வர மாட்டேங்குது. படிச்சு முடிச்சதை மட்டும்தான் ஒட்டுவேன். முடிக்காதது இதுல இருக்குது." நோட்டின் பின்னட்டைக்குள்ளிருந்து, ஒட்டாமல் கிடந்த இரண்டு வட்டத்தை எடுத்து வைத்தார். ஒன்று ஆரஞ்சு. இன்னொன்று நீலம். "ஏழு இல்ல மேடம். எட்டு. மொத புக்கை சார் கணக்குல சேக்கல."

மேடம் அந்த இரண்டு வட்டத்தையும் பின்னட்டைக்குள் திரும்ப வைத்து, நோட்டை அவரிடமே நீட்டினார். பிறகு சொன்னார், "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் முனியம்மா. ஒரு மாசம் கார்டு என்கிட்ட இருக்கும்."

"டாக்டருக்கும் ஒரு மாசம்தானா மேடம்?"

"டாக்டருக்கும் ஒரு மாசம்தான்."

"செரி மேடம்." இரண்டு கையாலும் கார்டைக் கொடுத்தார். தண்டனை வாங்கிக்கொண்டு போகிற ஆளின் நடையாக அது இல்லை. கதவுக்கு வெளியே செருப்பை மாட்டும்போது நிமிர்ந்து நின்று மாட்டினார்.

அவர் போனதும், "மிஸ்டர் தேவராஜ்" என்றார் மேடம். டிராயர் பக்கம் என் கை போகவில்லை. பேத்திக்கா என்று கேட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். "நீங்க கேட்டீங்க, நான் ஒட்டினேன்" என்றார். "அந்தக் குழந்தை அழுததுக்காக ஸ்டிக்கர் போட்டோம். எடுத்துட்டா மறுபடி ஒரு குழந்தை அழும். வெச்சா இவங்க ஒளிக்கணும். என்ன பண்றது?"

அதுவரை நான் அவரிடம் யோசனை என்று ஒன்றும் சொன்னதில்லை. அட்டை போட்ட கைதான் என்னுடையது. அந்தக் கைக்குத்தான் தோன்றியது. "பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டிடலாம் மேடம். கேக்கற தாய்க்கு நாம திறந்து காட்டலாம். கேக்காதவங்களுக்கு அது தெரிய வேண்டியதில்ல." மேடம் ஒரு புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைத் திறந்து, மூலையில் இரண்டு விரல் வைத்து அளந்து பார்த்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த ஒரு மாதமும் அதே வேலைதான். வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஒவ்வொரு ஸ்டிக்கராக ஊற வைத்து எடுத்தோம், உள்ளே புதிதாக ஒட்டினோம். என் 'வயது வந்தோர்' பலகை போய் 'இளையோர்' என்று வந்தது. குழந்தைகள் பதிவேட்டில் மீனா என்ற பெயரின் மேல் கோடு போட்டு, முனியம்மா என்று எழுதினேன். வயது என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அதற்குப் பிறகு கவுண்டரில் யாரையும் வயது கேட்டதில்லை. எந்த மாதிரிக் கதை வேண்டும் என்று கேட்பேன். அழுகிற கதையா, சிரிக்கிற கதையா, எழுத்து பெரிதாக வேண்டுமா, சிறிதாக இருந்தாலும் பரவாயில்லையா. குழந்தைக்கு என்று தாய் தகப்பன் அவர்களாகச் சொன்னால் மட்டும் பின்னட்டையைத் திறப்பேன்.

புத்தகக் கடைப் பெண்ணே, உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். அந்த வயது புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவருக்கு உதவும். படிக்கிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை, சில பேருக்கு அது முள்ளாகக் குத்தும். கோயிலில் ஐந்து வயதில் நான் பாடிய அதே பாட்டைத்தான் இன்றைக்கும் பாடுகிறேன். அப்போது எனக்கு மயிலும் வேலும் மட்டும் தெரிந்தது. என் மனைவி படுக்கையில் கிடந்த வருஷம் அதே வரியில் வேறு ஏதோ கிடைத்தது. இது உன் வயதுக்கு இல்லை என்று யாராவது அன்றைக்கு என் வாயைப் பொத்தியிருந்தால், பின்னால் அது எனக்குக் கைகொடுத்திருக்காது. தூங்கட்டும் என்று மேடம் வைத்த அந்த உயரமான குவியலைப் பற்றி இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரும்பாலான கதைகளின் இடம் அதுதான் போலிருக்கிறது. ஆனாலும் அந்த முயல் குட்டிக் கதையை ஏழு வயதுக் குழந்தை கையில் நான் கொடுக்க மாட்டேன். இரண்டும் உண்மைதான்.

முனியம்மாவைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து வந்து கார்டை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எத்தனையோ புத்தகம். ஒரு ஸ்டிக்கரும் பிய்யவில்லை. மேஸ்திரி என்ன சொல்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். அவருடைய மகளுக்கு ஒரு புத்தகம் கொண்டு வந்து தரச் சொல்லிக் கேட்கிறாராம்.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம், முனியம்மா நீல அலமாரியின் முன்னால் நின்று, அக்காள் தங்கை காட்டில் வழி தவறிய அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்தார். அதே எறும்பு எழுத்து. மூன்றாம் நாள் வரவில்லை. மூன்றாம் வாரமும் வரவில்லை. ஏழு வாரம் கழித்து, ஒரு மழை நாளில், பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகத்தோடு வந்து கவுண்டரில் வைத்தார். நான் பின்னட்டையைத் திறந்து பார்த்தேன். நீல ஸ்டிக்கர் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

அவர் இன்னும் போகாமல் நின்றார். பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பின்னட்டைக்குள் கையை விட்டு, ஓரம் சுருண்டு வெளுத்துப்போன ஒரு நீல வட்டத்தை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார்.

"சார், இதுல பசை போயிடுச்சி. சொல்ப கோந்து குடுங்க."